ராயல் பைத்தான் பெட்டிக்கு சூடு வைக்கிறது: அந்த ஹீட் மேட்டை அப்படியே சொருகி விட்டுடாதீங்க

முதல்ல போய் பாம்புப் பெட்டிக்குள்ள சூட்டுக்கு விரிச்சிருக்கிற அந்த ஹீட் மேட்டோட ப்ளக்கைப் பிடுங்கிட்டு வாங்க தம்பி, மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம். இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு ரூம் ஹீட்டிங்கை 23ல வெச்சு விட்டாப் போதும், பாம்புக்கு ஒண்ணும் ஆயிடாது.

பிடுங்கியாச்சா, சரி. நீங்க கேட்டதை ஒரு தடவை சுருக்கமா சொல்லிடுறேன், வேற யாராவது படிச்சா புரியணும்ல. இங்கிலாந்துல ரெடிங் பக்கம் ஒரு ஃப்ளாட், ஒண்ணரை வயசு ராயல் பைத்தான், 3 அடி நீள மர விவேரியம், அதாவது பாம்பு வளர்க்கிற பெட்டி. வித்த கடையில ஒரு ஹீட் மேட்டை கையில குடுத்து "இது லேசாத்தான் சூடாகும், தெர்மோஸ்டாட்லாம் வேஸ்ட்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. (தெர்மோஸ்டாட்னா சூடு அளவைத் தாண்டாம ஹீட்டரைக் கட்டுப்படுத்துற கருவி.) மேட்டு தரையில, அதுக்கு மேல மூணு விரக்கடை உயரத்துக்கு மரச்சீவல். முன்பக்கக் கண்ணாடியில ஒட்டின வட்ட தெர்மாமீட்டர் 28 காட்டுது. பாம்பு மூணு வாரமா எலி எடுக்கல, எந்நேரமும் தண்ணிக் கிண்ணத்துலயே சுருண்டு கிடக்குது, நேத்து தூக்கிப் பார்த்தா அடிவயித்துல நாலஞ்சு செதில் பழுப்பா இருக்கு. "சூடு பத்தலையோ, மேல ஒரு பல்பும் சேர்த்துப் போடட்டுமா"ங்கிறது கேள்வி.

சூடு பத்தாம இல்ல. ஒரே இடத்துல அளவுக்கு மீறி இருக்கு, மத்த இடத்துல இல்லவே இல்ல. தண்ணிக்குள்ள போய் உக்காந்திருக்கிறது அதைத்தான் சொல்லுது. (மைட்டுனு ஒரு பேன் மாதிரி பூச்சி பிடிச்சாலும் தண்ணியில கிடக்கும், கிண்ணத்து அடியில கறுப்பா மிளகுத்தூள் போட்ட மாதிரி புள்ளி கெடக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.) அந்தப் பழுப்புச் செதில் அனேகமா தீக்காயம். கொப்புளம், ஈரக்கசிவு எதுவும் இல்லாட்டியும் எக்ஸாடிக்ஸ், அதாவது பாம்பு பல்லி மாதிரி பிராணி பார்க்கிற மிருக டாக்டர் (வெட்)கிட்ட காட்டிடுங்க, ஏன்னா பாம்புக்கு சூட்டுக்காயம் வெளிய தெரியுறதை விட உள்ள ஆழமா இருக்கும், முழுசா தெரியவே நாளாகும். அதுவரைக்கும் மரச்சீவலை எல்லாம் அள்ளிட்டு வெள்ளை கிச்சன் பேப்பர் விரிச்சுடுங்க, தினமும் மாத்துங்க. அப்புறம் தயவுசெஞ்சு மஞ்சள், தேங்காண்ணெய், டூத்பேஸ்ட் எதையும் தடவாதீங்க. சிரிக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல அம்மா பாசத்துல மஞ்சள் பத்து போட்டே விட்டுட்டாங்க, வெட் அதைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சாம்.

நமக்கு சட்டி சுட்டா கையை வெடுக்குனு இழுத்துக்குவோம், பாம்பு ஏன் அந்த மேட்டை விட்டு நகரலன்னு எல்லாருக்கும் ஒரு ஆச்சரியம் வரும். இந்த ராயல் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவுல கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளியில இருந்து வர்ற இனம், பகல் பூரா எலி வளையிலயும் கரையான் புத்துக்குள்ளயும் கிடந்துட்டு ராத்திரி வெளிய வரும். அதுக்கு சூடுங்கிறது எப்பவும் மேல இருந்து வர்றது. தாங்கலன்னா என்ன பண்ணும், கீழ இறங்கும், கீழ போகப் போக வளை குளுகுளுன்னு இருக்கும். உங்க பெட்டியில அதே புத்தியோட மரச்சீவலைத் தோண்டிட்டு கீழ போச்சுன்னா நேரா மேட்டு மேல போய் படுக்குது. தப்பிக்கப் போன இடத்துலயே வேகுது. அதனாலதான் நான் கனமா சீவல் போட்டு அடியில மேட்டு வைக்கிற செட்டப்பை யார் கேட்டாலும் வேணாம்னே சொல்றது.

அந்த வட்ட தெர்மாமீட்டர் கதைக்கு வருவோம். அது காட்டுறது கண்ணாடியோட சூடு, கொஞ்சம் காத்தோட சூடு, அதுவும் நாலஞ்சு டிகிரி முன்னப் பின்ன. பாம்பு படுக்கிற இடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அடுப்படி சுவத்துல ஒரு தெர்மாமீட்டரை மாட்டி வெச்சு அதைப் பார்த்துட்டு தோசைக்கல்லு இன்னும் காயலன்னு சொல்ற மாதிரிதான்.

இன்னொண்ணு, மேட்டு மேல கையை வெச்சுப் பார்த்துட்டு "வெதுவெதுன்னுதான் இருக்கு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. திறந்து கிடக்கிற மேட்டு அப்படித்தான் இருக்கும், சூடு காத்துல போயிட்டே இருக்குல்ல. ஒரு கிலோ பாம்பு அது மேல வட்டமா சுருண்டு நாலு மணி நேரம் படுத்தா அந்த சூடு போக வழியில்லாம அடியில தேங்கும். நான் ஒரு தடவை சோதிச்சே பார்த்தேன், எங்கிட்ட இருந்த 20 வாட் மேட்டை மேஜை மேல விரிச்சு தெர்மாமீட்டர் ப்ரோபை (ஒயர் நுனியில சூட்டை அளக்கிற முனை) அது மேல வெச்சேன், 37ல நின்னுச்சு. அப்புறம் குளிக்கிற டவலை நாலா மடிச்சு மேல போட்டேன், முக்கால் மணி நேரத்துல 51. நம்பலன்னா நீங்களும் பண்ணிப் பாருங்க, ஆனா பக்கத்துலயே உக்காந்திருங்க, போட்டுட்டு கடைக்குப் போயிடாதீங்க.

சரி, எவ்வளவு சூடு வேணும்? ராயலுக்கு பெட்டியோட ஒரு ஓரம் சூடா, இன்னொரு ஓரம் குளுமையா இருக்கணும். சூடான பக்கம் பாம்பு படுக்கிற தரை 32 சுத்து வட்டாரத்துல இருக்கட்டும், அந்தப் பக்கத்துக் காத்து 30 கிட்ட, குளிர்ந்த பக்கம் 25, 26. ராத்திரி ரெண்டு மூணு டிகிரி இறங்கினா நல்லதுதான், ஆனா தினமும் 22க்குக் கீழ போக விடாதீங்க. கார்ன் ஸ்நேக் வெச்சிருக்கவங்க எல்லாத்தையும் ரெண்டு மூணு டிகிரி குறைச்சுக்கலாம், அது அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கத்து ஆளு, குளிர்ந்த ஓரம் 21, 22னாலும் சமாளிச்சுக்கும்.

இந்த ஒரு ஓரம் மறு ஓரம் வித்தியாசம் ஏன் முக்கியம்னா பாம்பு உடம்புல ஹீட்டர் கிடையாது, தனக்கு வேண்டிய சூட்டை அது நடந்து போய் எடுத்துக்கணும். எலி முழுங்கின உடனே சூடான பக்கம் போய் கிடக்கும், செரிக்கணும்ல. குளிரா இருந்தா இரை வயித்துலயே கெட்டுப்போய் கக்கிடும். ரொம்ப நாள் குளிர்லயே கிடந்தா நெஞ்சு சளி மாதிரி தொற்று வரும், மூச்சு விடும்போது விசில் சத்தம், வாய் ஓரத்துல நுரை, தலையை மேல தூக்கி வெச்சே உக்காந்திருக்கிறது, இதெல்லாம் பார்த்தா அன்னிக்கே வெட். ஆனா ஒண்ணு, குளிர்ல ஒரு பாம்பு மெதுவாத்தான் நோயாளி ஆகும், நமக்கு சரி பண்ண டைம் கிடைக்கும். சூட்டுல அப்படி இல்ல. 35ஐத் தாண்டினாலே தவிக்க ஆரம்பிச்சுடும், பெட்டி முழுக்க 40 கிட்ட போச்சுன்னா சில மணி நேரத்துல முடிஞ்சுடும். எந்தப் பக்கம் தப்பு நடந்தாலும் பரவால்லன்னு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கணும்னா எப்பவும் குளிர் பக்கம் தப்பு பண்ணுங்க.

ரெண்டு ஓரத்துலயும் ஒரே மாதிரி ஹைடு (பாம்பு ஒளிஞ்சுக்கிற கூடு) ஒண்ணொண்ணு வெச்சுடுங்க, பாம்பு உள்ள போனா உடம்பு மூணு பக்கமும் உரசுற அளவு நெருக்கமா. சூடான பக்கம் மட்டும் ஹைடு இருந்தா, இந்த இனம் பயந்தாங்கொள்ளி, வெந்தாலும் பரவால்லன்னு ஒளிஞ்ச இடத்துலயே கிடக்கும்.

இப்ப தெர்மோஸ்டாட். இது இல்லாம எந்த ஹீட்டரும் வேணாம், இதுல பேரமே கிடையாது. ஆனா தெர்மோஸ்டாட் வாங்கிட்டாலே வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறவங்கதான் அதிகம், எனக்கு அதுலதான் கவலை. தெர்மோஸ்டாட்டுக்கு உங்க பாம்பு எங்க இருக்குன்னு தெரியாது, பெட்டி எவ்வளவு சூடுன்னு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த ஒயர் நுனியில இருக்கிற குட்டி ப்ரோப் எவ்வளவு சூடுங்கிறது ஒண்ணுதான். ப்ரோப் எங்க இருக்கோ அந்த இடம் 32 ஆகுற வரைக்கும் அது ஹீட்டரை ஓட விட்டுக்கிட்டே இருக்கும். ப்ரோப் குளிர்ந்த பக்கம் கெடந்தா?

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வேலையே எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ், ஃபேக்டரி ஓவனுக்கெல்லாம் கன்ட்ரோலர் மாட்டுறவன், வீட்ல ஒரு பாம்புப் பெட்டிக்கு கோட்டை விட்டேன். ஏழெட்டு வருஷம் இருக்கும், ஒரு ஜனவரி காலையில ஆறு மணிக்கு டீ போட எழுந்தவன் சும்மா பெட்டிப் பக்கம் டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன், ப்ரோப் ஒயர் கண்ணாடிக் கதவு இடுக்குல வெளிய தொங்கிட்டு இருக்கு. ராத்திரி பாம்பு ஊர்ந்து ஊர்ந்து ஒயரை நெம்பி இழுத்திருக்கு. தெர்மோஸ்டாட் டிஸ்ப்ளேல 19. சிவப்பு லைட் விடாம எரியுது, அதாவது ரூம் குளிரைப் பார்த்துட்டு பெட்டி இன்னும் சூடாகலன்னு நெனைச்சு மணிக்கணக்கா முழு பவர்ல ஓட்டியிருக்கு. டெம்ப் கன்னை (தொடாமலே சூட்டைக் காட்டுற கருவி) எடுத்து மேட்டு மேல அடிச்சா 47. பாம்பு மறு ஓரத்துல மூலையோட ஒட்டிக்கிட்டு மூக்கை காத்துத் துளையில வெச்சுக்கிட்டு கெடக்கு. குளிர்ந்த பக்கம்னு ஒண்ணு இருந்ததாலதான் அன்னிக்குப் பொழைச்சுது. அந்தப் பெட்டி 2 அடிப் பெட்டியா இருந்திருந்தா நான் இப்ப இதை எழுதிட்டு இருக்க மாட்டேன்.

அதுல இருந்து ப்ரோபை ரெண்டு இடத்துலயாவது கட்டிப் போடுறேன், மரப்பெட்டியா இருந்தா ஒயரைப் பிடிக்கிற ஆணி க்ளிப்பு, கண்ணாடியா இருந்தா ஹாட் க்ளூ. செல்லோடேப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்குள்ள போகக்கூடாது, சூட்டுல பசை இளகி டேப் பிரியும், பாம்பு அதுல ஒட்டிக்கும், பிரிச்சு எடுக்கும்போது செதிலோட தோலும் சேர்ந்து வரும்.

ப்ரோபை எங்க வைக்கணும்னா, மேட்டு யூஸ் பண்றவங்களுக்கு மேட்டு மேலேயே, பாம்பு உண்மையிலேயே படுக்கக்கூடிய இடத்துல. மேல இருந்து சூடு குடுத்தா சூடான பக்கத்துச் சுவத்துல, பாம்பு முதுகு உயரத்துக்குக் கொஞ்சம் மேல, ஹீட்டருக்கு நேர் கீழ இல்லாம அரை அடி தள்ளி. வெச்சுட்டு டயல்ல 32னு திருப்பிட்டுப் போயிடாதீங்க. அந்த நம்பர் ப்ரோப் இருக்கிற இடத்துக்கான நம்பர், பாம்பு படுக்கிற இடம் வேற. தனியா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ப்ரோபை பாம்பு படுக்கிற இடத்துல வெச்சுட்டு, அங்க 32 வர்ற வரைக்கும் தெர்மோஸ்டாட்டை அரை அரை டிகிரியா ஏத்தி இறக்கணும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் பொறுத்து. எங்கிட்ட ஒரு பெட்டியில டயல் 28ல நிக்குது, ஆனா படுக்கிற இடம் 32தான். இதுக்கெல்லாம் பாம்பு உள்ள இருக்கக் கூடாது, காலிப் பெட்டியில ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம்தான் விடணும்.

தெர்மோஸ்டாட்ல மூணு விதம் இருக்கு, தப்பானதை மாட்டி ஏமாறாதீங்க. மேட் ஸ்டாட்னு சல்லிசா கிடைக்கிறது ஆன் ஆஃப் ரகம், டக்குனு போடும் டக்குனு அணைக்கும், மேட்டுக்கு அது போதும். பல்புக்கு அதைப் போட்டா டிஸ்கோ லைட் மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அணையும், பல்பும் சீக்கிரம் போயிடும். ஹாலஜன் பல்பு, டீப் ஹீட் ப்ரொஜெக்டர் இதுக்கெல்லாம் டிம்மிங் ரகம், வேணும்கிற அளவு பவரை ஏத்தி இறக்கி ஒரே சீரா வெச்சிருக்கும். பவரை விட்டு விட்டு அனுப்புற பல்ஸ் ரகம், வெளிச்சமே வராத செராமிக் ஹீட்டருக்கும் மேட்டுக்கும், வெளிச்சம் வர்ற எதுக்கும் அது ஆகாது.

உங்க 3 அடி மரப்பெட்டிக்கு என்ன போடலாம்னா, மேட்டைத் தூக்கிப் போட்டுட்டு மேல இருந்து குடுங்க. என் சாய்ஸ் 80 வாட் டீப் ஹீட் ப்ரொஜெக்டர், டிம்மிங் தெர்மோஸ்டாட்டோட. வெளிச்சம் வராது, ராத்திரியும் ஓடும், வெறும் காத்தை மட்டும் சூடாக்காம உடம்புக்குள்ள கொஞ்சம் ஆழமாவே சூடு இறங்கும், வெயில் உறைக்கிற மாதிரி. செராமிக் ஹீட்டரும் தப்பில்ல, என்ன, அது காத்தைத்தான் அதிகம் சூடாக்கும், ஈரப்பதத்தை உறிஞ்சிடும். பகல்ல ஹாலஜன் போட்டு ராத்திரி செராமிக்னு ஓட்டுறவங்களும் இருக்காங்க, அழகா இருக்கும், ரெண்டு தெர்மோஸ்டாட் வாங்க காசு இருந்தா பண்ணுங்க. சிவப்பு பல்பு நீல பல்புனு "நைட் லைட்" விக்கிறாங்களே, அது வேணாம், பாம்புக்கு அது இருட்டா தெரியும்கிறது சும்மா கட்டுக்கதை. ஹீட் ராக்குனு பாறை மாதிரி ஒண்ணு வரும், யாராவது ஃப்ரீயா குடுத்தாலும் வாங்காதீங்க.

மேல எதைப் போட்டாலும் அதைச் சுத்தி கம்பிக்கூண்டு கட்டாயம். செராமிக்கோட முகம் 200 டிகிரியைத் தாண்டும், எரியுறது கண்ணுக்கும் தெரியாது, ராயல் தரையிலயே கிடக்கிற சாதுன்னு நெனைப்பீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அது பல்பைச் சுத்திக்கிட்டுத் தொங்குறதை நான் பார்த்திருக்கேன். கூண்டு கம்பி இடைவெளியில தலை நுழையக் கூடாது, கூண்டுக்கும் ஹீட்டருக்கும் நடுவுல விரல் போற அளவு காலி இடம் வேணும், இல்லாட்டி கூண்டே சுடும். ஹோல்டர் பீங்கான் ஹோல்டரா இருக்கட்டும், ப்ளாஸ்டிக் ஹோல்டர் உருகி ஒரு நாள் ஹீட்டரோட கீழ விழும்.

மேல இருந்து சூடு குடுத்தா பெட்டி காயும், ராயலுக்கு 60 சதவீதம் கிட்ட ஈரப்பதம் வேணும், காஞ்சா சட்டை ஒரே உரியா உரிக்காம துண்டு துண்டா வரும். பெரிய தண்ணிக் கிண்ணம், ஒரு ஹைடுக்குள்ள ஈரப்பாசி, அவ்வளவுதான். காயம் ஆறுற வரைக்கும் பாசி வேணாம், காஞ்ச பேப்பர் மட்டும்.

இப்ப நான் எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி: உங்க தெர்மோஸ்டாட் இன்னிக்கு ராத்திரி கெட்டுப்போனா என்ன ஆகும்? கெட்டுப் போறதுல ரெண்டு விதம். ஒண்ணு அணைஞ்சே போறது, அது தொல்லையில்ல, காலையில பாம்பு குளிர்ந்து கிடக்கும், சரி பண்ணிக்கலாம். இன்னொண்ணு உள்ள கரண்டைப் போட்டு அணைக்கிற ரிலேங்கிற சுவிட்சோட காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு ஆன்லயே நின்னுடுறது, வேலையில இதை வாரத்துக்கு ஒண்ணாவது பார்க்கிறேன். அப்ப ஹீட்டர் முழு பவர்ல ஓடும், நிறுத்த ஆளில்ல.

அதனாலதான் வாட்டேஜை அளவா வாங்கச் சொல்றது. "150 வாட் வாங்கிக்கோங்க, தெர்மோஸ்டாட் பார்த்துக்கும்"னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. தெர்மோஸ்டாட் ப்ரேக்குனா வாட்டேஜ்தான் இன்ஜின், ப்ரேக் பிடிக்காத அன்னிக்கு இன்ஜின் சின்னதா இருந்தாத்தான் தப்பிக்கலாம். காலிப் பெட்டியில ஒரு நாள் பக்கத்துலயே இருந்து தெர்மோஸ்டாட் இல்லாம முழு பவர்ல ஓட விட்டுப் பாருங்க, நாலஞ்சு மணி நேரம் கழிச்சு குளிர்ந்த ஓரம் 30க்குள்ள நிக்குதுன்னா அந்த ஹீட்டர் உங்க பெட்டிக்கு சரியான சைஸ். 36, 37னு ஏறிக்கிட்டே போகுதுன்னா பெருசு, மாத்துங்க. இதோட ரெண்டாவதா ஒரு சல்லிசான தெர்மோஸ்டாட்டை முதல் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி, அதாவது சுவத்து ப்ளக்குக்கும் அதுக்கும் நடுவுல மாட்டி, ரெண்டு மூணு டிகிரி மேல செட் பண்ணி விட்டுடுங்க. அது சும்மாவே கெடக்கும், முதலாவது ஒட்டிக்கிட்ட அன்னிக்கு மட்டும் கட் பண்ணும். ஆன் ஆஃப் ரகம் இதுக்குப் போதும். ரெண்டோட ப்ரோபையும் சேர்த்துக் கட்டாம தனித்தனியா கட்டுங்க, நான் பண்ண முட்டாள்தனத்துல ஒண்ணு ரெண்டையும் ஒரே க்ளிப்புல மாட்டினது, பாம்பு இழுத்தா ரெண்டும் சேர்ந்துல்ல வரும்.

எலெக்ட்ரிக்கல்காரன்கிறதால இதையும் சொல்லிடுறேன். 80 வாட்ங்கிறது நம்ம 230 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர் கூட இல்ல, ஆனா பல ப்ளக்குல 13 ஆம்ப் ஃப்யூஸ் போட்டு வரும், திறந்து 3 ஆம்ப் ஃப்யூஸ் மாத்திடுங்க, ஒயர் தேஞ்சா சீக்கிரம் கட் ஆகும். எக்ஸ்டென்ஷனுக்குள்ள எக்ஸ்டென்ஷன் சொருகாதீங்க. தெர்மோஸ்டாட்டை சாக்கெட்டுக்கு மேல மாட்டினா ஒயர் ஒரு தடவை சாக்கெட்டுக்குக் கீழ தொங்கிட்டு அப்புறம் மேல ஏறுற மாதிரி விடுங்க, தண்ணி ஒயர் வழியா வந்தாலும் கீழ சொட்டிடும், சாக்கெட்டுக்குள்ள போகாது. அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் அங்க இருந்து ஹீட்டர் வாங்கிட்டு வரேன்னு சொன்னா வேணாம்னுடுங்க, அது 120 வோல்ட், இங்க சொருகினா அன்னிக்கே தீபாவளி. அந்த ரூம்ல ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கட்டும். கரண்ட் பில்லுக்கு பயப்பட ஒண்ணுமில்ல, பாதி நேரம்தான் ஓடும்னு வெச்சா ஒரு நாளைக்கு ஒரு யூனிட், 25 பென்ஸ் கிட்ட.

டெம்ப் கன் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஆனா அது தரையோட சூட்டைத்தான் காட்டும், காத்தோடதை இல்ல. கண்ணாடி வழியா அடிச்சா கண்ணாடியோட சூட்டைத்தான் சொல்லும், கதவைத் திறந்துட்டு அடிக்கணும். பாம்பு முதுகுலயே அடிச்சுப் பார்க்கலாம், அதுக்கு வலிக்காது, சிவப்புப் புள்ளியை மட்டும் கண்ணுல அடிக்காதீங்க.

கோடையை மறந்துடாதீங்க. தெர்மோஸ்டாட்டுக்கு அணைக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. 2022 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, லிங்கன்ஷையர்ல கானிங்ஸ்பியில 40.3 டிகிரி பதிவாச்சே. அன்னிக்கு எங்க வீட்டு மாடி ரூம் 34, எல்லா ஹீட்டரும் ஆஃப், ஆனாலும் பெட்டிக்குள்ள 33. மூணு பாம்பையும் தலையணை உறையில போட்டுக் கட்டி, காத்துத் துளை உள்ள ப்ளாஸ்டிக் டப்பாவுல வெச்சு கீழ மாடிப்படிக்கு அடியில இருக்கிற அலமாரிக்கு இறக்கினேன், அங்க 26. அது முடியலன்னா தண்ணி பாட்டிலை உறைய வெச்சு டவல் சுத்தி பெட்டியோட குளிர்ந்த பக்கத்து வெளிச்சுவர்ல சாத்தி வைங்க, உள்ள வைக்காதீங்க. ஜன்னல் வெயில் நேரா படுற இடத்துல பெட்டி இருக்கவே கூடாது, முக்கியமா கண்ணாடி டேங்க். நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் எப்பவுமே இந்தப் பிரச்சினைதான், சூடு ஏத்துறது இல்ல, இறக்குறது. சென்னைக்குத் தெக்க வடநெம்மேலியில பாம்பு பிடிக்கிற இருளர் மக்களோட கூட்டுறவு சொசைட்டியில விஷம் எடுக்கிற பாம்பை மண்பானையில கொஞ்சம் மணல் போட்டு, வாயைத் துணியால கட்டித்தான் வெச்சிருப்பாங்க, ப்ளக்கும் இல்ல ப்ரோபும் இல்ல. (அவங்க லைசென்ஸோட பண்றது. ஊர்ல இருந்து படிக்கிறவங்க ஆசைப்பட்டு சாரைப்பாம்பைப் பிடிச்சு டப்பாவுல போடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்.)

கரண்ட் போனா பதறாதீங்க. மரப்பெட்டி மெதுவாத்தான் குளிரும், கம்பளி ரெண்டு மேல போட்டு காத்துத் துளையில பாதியை மட்டும் மூடி விட்டா ராத்திரி பூரா தாங்கும். ரொம்ப நேரம் ஆச்சுன்னா ஹாட் வாட்டர் பேக்கை டவல்ல சுத்தி பெட்டிக்கு வெளிய வைங்க. பாம்பு ஒரு ராத்திரி 19, 20ல கெடந்தா செத்துடாது, எலி சாப்பிட்டு ரெண்டு நாள்தான் ஆகுதுன்னா மட்டும் கக்க வாய்ப்பிருக்கு, அதைக் கவனிச்சுக்கோங்க.

சாப்பாட்டு விஷயம் கடைசி. புது செட்டப் ஓடி, சூடு ஒரு வாரம் ஆடாம நின்ன பிறகு எலி காட்டுங்க, அதுக்கு முன்னாடி வேணாம், தினமும் காட்டிக் காட்டி அதை இன்னும் மிரள வைக்காதீங்க. ராயல் குளிர்காலத்துல மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கிறது புதுசில்ல. கிச்சன் தராசுல வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க, எடை அப்படியே நிக்குதுன்னா விடுங்க, மளமளன்னு இறங்குதுன்னா வெட். காயத்துக்கு எப்படியும் போகப் போறீங்க, அப்ப இந்த எடைக் கணக்கையும் காட்டுங்க. வெட் என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, அப்படியே அந்த மேட்டைத் திருப்பிப் பார்த்து பின்னாடி ஸ்டிக்கர்ல எத்தனை வாட்டுனு போட்டிருக்குன்னும் சொல்லுங்க, 30க்கு மேல இருந்துச்சுன்னா அந்தக் கடைக்காரர்கிட்ட நானே பேசுறேன்.